தாய்ச்சி எவ்வளவு பழையது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் கூடும் தாய்ச்சி குழுவோடு ஒரு வருடமாகப் பழகுகிறேன். சீனப் பாட்டிகளுக்கு நடுவே தமிழ் என்று நான் ஒருத்திதான். ஆயிரம் வருடத்துக் கலை என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் செய்யும் 24 அசைவு வரிசையோ 1956இல் சீன அரசு உருவாக்கியதாம். மகன் தேடி எடுத்துக் காட்டினான். சென் பாணிதான் அசல், நீ செய்வது வெறும் உடற்பயிற்சி என்கிறான். அப்படித்தானா? பக்கத்துக் குழு செய்யும் சிகோங்கும் இதுவும் ஒன்றா? எனக்கு வயது 61, முழங்கால் வலி வேறு.

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

உங்கள் மகன் சொன்ன வருடம் சரி. அதை வைத்து அவர் வந்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

1956இல் சீன விளையாட்டு ஆணையம் சுருக்கியது, தாய்ச்சியின் பாணிகளில் ஒன்றான யாங் பாணியின் நீண்ட வரிசையை. அதை முழுதாகச் செய்ய இருபது நிமிடமாவது ஆகும், ஒரே அசைவு பலமுறை திரும்ப வரும். அந்தத் திரும்ப வருதல்களை நீக்கி ஐந்தாறு நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெறுமனே வெட்டவும் இல்லை. ‘சிட்டுக்குருவியின் வாலைப் பிடித்தல்’ நீண்ட வரிசையில் வலப்பக்கம் மட்டும்தான் வரும். நீங்கள் முதலில் இடது, அப்புறம் வலது என்று இரண்டும் செய்கிறீர்கள் அல்லவா? ‘காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல்’ அங்கே மூன்றாம் பகுதியில்தான் வரும். காலடி எளிது என்பதால் அதைத் தொடக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சொல்லிக்கொடுத்துப் பழகிய கைகள் செய்த வேலை இது. அசைவுகள் பழையவை, அடுக்கு புதியது.

சரி, அந்த யாங் பாணியாவது மாறாமல் வந்ததா? ஹெனான் மாகாணத்தின் சென் கிராமத்தில் சென் சாங்ஷிங்கிடம் கற்றவர் யாங் லூசான் (1799–1872). பெய்ஜிங் போய்ப் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகம் தாய்ச்சி என்றதும் நினைக்கிற, ஒரே சீராக மெதுவாக ஓடும் அந்த நடை அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) பரப்பியது. சென் குடும்பத்து வரிசையில் மெதுவும் வேகமும் மாறி மாறி வரும். காலைத் தரையில் ஓங்கி உதைப்பதும், அடக்கி வைத்த விசையைத் திடீரென்று விடுவதும் உண்டு. 1928இல் அந்தக் குடும்பத்து சென் ஃபாகே பெய்ஜிங் வந்து கற்பிக்கத் தொடங்கியபோது, மெதுவான தாய்ச்சியை மட்டும் அறிந்திருந்தவர்களுக்கு அது வேறு ஏதோ கலைபோல இருந்தது. சுன் லூதாங் என்ற ஆசிரியர் தனக்குத் தெரிந்த ஷிங்யி, பாகுவா என்ற சீனச் சண்டைக் கலைகளையும் சேர்த்துத் தனிப் பாணியே அமைத்தார். 1956ஐப் போலி என்று தள்ளினால் இவர்களையும் தள்ள வேண்டும். கடைசியில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

ஆயிரம் வருடக் கதை வூதாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங்கிடமிருந்து வருவது. 1930களிலேயே தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் சென் கிராமத்துக்கு நேரில் போய் விசாரித்து, அது கதைதான் என்று எழுதிவிட்டார். நல்லவேளை, இதில் போதிதர்மர் இல்லை. இருந்திருந்தால் நான் இன்னும் நான்கு பக்கம் எழுதி, அதற்கான வசவையும் வாங்கியிருப்பேன்.

மகன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, கையோடு கை ஒட்டி, அடுத்தவர் நிலை குலைவதை உணரும் பயிற்சி ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் 24ஐ மட்டும் செய்தால், கை ஏன் அங்கே போகிறது என்பது கடைசிவரை புரியாது. ஆசிரியரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

சிகோங் வேறு. தாய்ச்சியைப் போல அது சண்டைக் கலை அல்ல, அதில் எதிராளி கிடையாது. மூச்சு, நிற்கும் நிலை, கவனம், அவ்வளவுதான். கி.மு. 168இல் மூடப்பட்ட, சீனாவின் மாவாங்துய் கல்லறையில், இப்படிப் பயிற்சி செய்யும் 44 உருவங்கள் வரைந்த பட்டுத்துணி கிடைத்தது. ஆனால் சிகோங் என்று ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து மருத்துவமாக்கியது 1950களில், லியூ குய்சென் போன்றவர்கள் நடத்திய சிகிச்சை இல்லங்களில். 1980களில் உள்ளங்கையிலிருந்து சக்தி பாய்ச்சிப் புற்றுநோயைத் தீர்ப்பதாகச் சொன்ன குருமார்கள் பெருகினார்கள். அந்த ஆட்டம் 1999இல் அரசின் கெடுபிடியில் முடிந்தது. 2003இல் அரசே நான்கு வரிசைகளை ஒழுங்கு செய்து வெளியிட்டது. பக்கத்துக் குழு முதலில் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, அடுத்து வில் இழுப்பதுபோலச் செய்து, கடைசியில் குதிகாலை உயர்த்தித் தட்டினால் அது பாதுவான்ஜின், அந்த நான்கில் ஒன்று. சோங் அரச வம்சக் காலத்திலேயே (10–13ஆம் நூற்றாண்டு) அதன் பெயர் இருக்கிறது. வயதுதான் பெருமை என்றால் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்!

முழங்காலுக்கு வருகிறேன். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஒரு சோதனையில், வாரம் இரண்டு முறை, 12 வாரம் தாய்ச்சி செய்தவர்களுக்குப் பிசியோதெரபி எடுத்தவர்கள் அளவுக்கே வலி குறைந்தது. எதற்கும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மடக்கும் முழங்கால் கால்விரல் போகும் திசையிலேயே இருக்கட்டும், உள்ளே சாயக் கூடாது. பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் திருகல் முழங்காலில்தான் விழும். ஒரு காலை நீட்டித் தரையோடு இறங்கும் அசைவில் பாதி இறங்கினாலே போதும், பாட்டிகள் எவ்வளவு தாழ்ந்தாலும் சரி.