நாவல் பாதியில் நின்றுவிட்டால் சக எழுத்தாளர்களிடம் என்ன கேட்பது?

கேள்வி இதுதான்: நாவலில் பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது, பல மாதங்களாக ஒரு வரிகூட நகரவில்லை. எழுதுகிற நண்பர்களிடம் காட்டினால் உதவி கிடைக்குமா, அல்லது இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போய்விடுமா?

காட்டுங்கள். ஆனால் "எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு நண்பர்களிடம் இரண்டே பதில்கள்தான் உண்டு. ஒன்று, "நன்றாக இருக்கிறது." மற்றொன்று, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்..." முதலாவதால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவதில் அந்த "ஆனால்" என்பதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் முதல் அத்தியாயத்தைப் பற்றியதாக இருக்கும். ஏனென்றால் எல்லோரும் கவனமாகப் படிப்பது அதைத்தான். உடனே நீங்கள் முதல் அத்தியாயத்தைச் சீர்செய்யப் போய்விடுவீர்கள். நாவல் நின்றது பதினான்காம் அத்தியாயத்தில், வேலை நடப்பது முதல் அத்தியாயத்தில் என்றாகிவிடும். பளபளவென்று மெருகேறிய முதல் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் எழுத்துலகில் ஏராளம்.

எதனால் நின்றது என்று நீங்களே கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நிற்பது ஒரு வகை. எல்லாம் தெரிந்துவிட்டதாலேயே எழுதச் சலிப்பாகி நிற்பது இன்னொரு வகை. கதைச்சுருக்கத்தை அத்தியாய வாரியாக எழுதி வைத்துக்கொண்டு தொடங்குபவர்களுக்கு இது அதிகம் நேரும். வேலைப் பளு, உடல்நலக் குறைவு, வீட்டில் ஒரு நோயாளி என்று நேரமே இல்லாமல் நிற்பது வேறு கணக்கு. அதற்கு எந்த எழுத்தாளர் குழுவும் மருந்தாகாது. அப்படிப்பட்டவர்களிடம் "தினமும் ஐந்நூறு சொல் எழுது" என்று உபதேசிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

இவை தவிர ஒரு நான்காம் வகை இருக்கிறது. எழுதுகிறவருக்கே தெரியாமல் அவர் எதையோ சுற்றிக்கொண்டு போகிறார், அதனால் கதை நகர மறுக்கிறது. சக எழுத்தாளர்களால் அதிகம் உதவ முடிவது இங்கேதான். என் நாவல் நின்றதும் இப்படித்தான்.

இரண்டு சகோதரிகளின் கதை அது. தந்தை இறந்த பிறகு அவர் வாழ்ந்த வீட்டைக் காலி செய்ய வருகிறார்கள். கதை முழுவதும் மூத்தவளின் பார்வையில் நகர்கிறது. தந்தை கடைசியாக எழுதிய கடிதம் அவளிடம் இருக்கிறது, அதை அவள் படித்தும்விட்டாள். அதில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசிப் பகுதி வரை வாசகருக்குச் சொல்லக் கூடாது என்பது என் திட்டம். நடுப்பகுதி வரை சரசரவென்று போனது. பிறகு எந்தக் காட்சியைத் தொடங்கினாலும் இரண்டாவது பக்கத்தில் மூச்சு வாங்கியது. சகோதரிகள் பேச உட்கார்ந்தால் தொலைபேசி அடிக்கும். தொலைபேசி அடிக்காவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். இரண்டும் இல்லாவிட்டால் மழை பிடித்துக்கொள்ளும். அந்த நாவலில் பெய்த மழைக்கு வீடே அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் நான்கு பேர். சிறுகதை எழுதும் ஒரு தோழி, மொழிபெயர்ப்பாளர் ஒருவர், துப்பறியும் கதைகள் எழுதும் நண்பர், நான். எங்களிடம் ஒரு விதி உண்டு: எழுதியவர் தன் அத்தியாயத்தைத் தானே வாசிக்கக் கூடாது, வேறொருவர் உரக்க வாசிக்க வேண்டும். எழுதியவர் வாசித்தால் பள்ளங்களையெல்லாம் தன் குரலாலேயே நிரப்பிவிடுவார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வேறொருவர் வாசிக்கும்போது தாளில் இருப்பது மட்டும்தான் கேட்கும். நாக்கு இடறும் இடம், மூச்சு போதாத வாக்கியம், யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் வாசிப்பவர் திரும்பிப் போகும் உரையாடல் எல்லாம் அம்பலமாகிவிடும். எழுதியவர் கையில் பென்சிலுடன் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இடறிய இடங்களில் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டே வருவார்.

அன்று வாசித்தவர் மொழிபெயர்ப்பாளர். "அக்கா எதையோ நினைத்துக்கொண்டவளாக ஜன்னலைப் பார்த்தாள்" என்ற வரியில் நின்றார். முன்பக்கங்களைப் புரட்டினார்.

"ஒரு நிமிடம். இந்த அத்தியாயத்தில் இவள் ஜன்னலைப் பார்ப்பது இது மூன்றாவது தடவை. போன அத்தியாயத்திலும் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அப்படி என்னதான் இருக்கிறது?"

ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்படியென்றால் யாரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்? தங்கையிடமிருந்தா, எங்களிடமிருந்தா?"

வாசகர்களிடமிருந்துதான். ஒரு பாத்திரத்தின் மனதுக்குள் வாசகரை உட்கார வைத்துவிட்டு, அந்த மனம் நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கிற ஒரே விஷயத்தை அவரிடமிருந்து மறைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தைப் பற்றி நினைக்காமல் அவளால் தங்கையோடு ஒரு வார்த்தை பேச முடியாது. நினைத்தால் ரகசியம் உடையும். ஆகவே அவள் பேசத் தொடங்கும்போதெல்லாம் நான் தொலைபேசியை அடிக்கவிட்டேன். கதை ஒவ்வொரு முறையும் சரியான இடத்துக்குத்தான் போனது, வாசலில் நின்று திருப்பி அனுப்பியது நான்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற மூன்று வழிகள் தெரிந்தன. கதையைத் தங்கையின் பார்வைக்கு மாற்றலாம், அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. மூத்தவள் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருக்கச் செய்யலாம். அல்லது கடிதத்தில் இருப்பதைத் தொடக்கத்திலேயே வாசகருக்குச் சொல்லிவிடலாம். நான் கடைசி வழியை எடுத்தேன். ரகசியம் என்ன என்ற ஆவல் போனது உண்மைதான். அந்த இடத்தில், தங்கைக்கு இது எப்போது தெரியப்போகிறது என்ற பதைப்பு வந்தது. முன்பு செத்துக் கிடந்த அதே காட்சிகள், இருவரும் சேர்ந்து அலமாரியை ஒழிக்கிற காட்சி உட்பட, ஏறக்குறைய அதே உரையாடலோடு உயிர் பெற்றன. மழையை மொத்தமாக வெட்டி எறிந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் வழி ஒன்றையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கேட்டது ஒரு கேள்வி. வழி சொன்னவர் துப்பறியும் கதை நண்பர். "அந்தக் கடிதமே போலியாக இருந்தால்?" என்று தொடங்கி, கையெழுத்து நிபுணர், காணாமல் போன ஒரு வேலைக்காரர் என்று ஒரு முழுக் கதையையே பின்னிவிட்டார். அருமையான கதை. எழுதினால் நானே ஓடிப்போய்ப் படிப்பேன். ஆனால் அது அவருடைய நாவல். எழுத்தாளர்களிடம் தீர்வு கேட்டால் இதுதான் நடக்கும். ஒவ்வொருவரும் அன்போடு உங்கள் கதையைத் தங்கள் கதையாக மாற்றித் தருவார்கள். நின்றுபோன நிலையில் மனம் பலவீனமாக இருக்கும், எதையாவது பிடித்துக்கொள்ளத் துடிக்கும். அப்போது இத்தகைய தீர்வை ஏற்றுக்கொண்டு நாலு அத்தியாயம் எழுதிவிட்டுப் பிறகு வெறுத்துப் போகிறவர்கள் உண்டு.

ஆகவே அத்தியாயத்தைக் கொடுக்கும்போதே கேள்விகளையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்த இடத்தில் கவனம் விலகியது? இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று தோன்றுகிறது? இனி என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? கடைசிக் கேள்விதான் பொன். வாசித்தவர்கள் எதிர்பார்ப்பதும் நீங்கள் எழுத நினைத்திருப்பதும் ஒன்றாக இருந்தால் சலிப்பின் காரணம் புரிந்துவிடும். மூவர் மூன்று விதமாக எதிர்பார்த்தால், கதை எதைப் பற்றியது என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். எதிர்பார்க்க ஒன்றுமே தோன்றவில்லை என்றால், கதையில் யாருக்கும் இழக்க எதுவும் இல்லை என்று பொருள், பத்து பக்கம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

எழுத்தாளர் பட்டறைகளில் ஒரு புகழ்பெற்ற முறை உண்டு. 1956-இல் அமெரிக்காவின் மில்ஃபோர்ட் என்ற ஊரில் டேமன் நைட் முதலிய அறிவியல் புனைகதையாளர்கள் கூடிய சந்திப்புகளிலிருந்து பரவியது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்வார்கள். எல்லோரும் பேசி முடிக்கும் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. முடிந்த சிறுகதைக்கு இது மிக நல்ல முறை. பாதி நாவலுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முடியாத ஒன்றின் குறைகளை வரிசையாகக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால் மறுநாள் கோப்பைத் திறக்கவே கை வராது. தவிர, பாதி நாவலில் குறையாகத் தெரிவது முடிவில் நியாயமாகிவிடக்கூடும்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937 டிசம்பரில் தொடங்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல் அச்சில் வந்தது 1954, 1955-இல். இடையே அது நெடுநாட்கள் நின்று நின்றுதான் நகர்ந்தது. நண்பர் சி. எஸ். லூயிஸுக்குத் தான் பட்ட கடன் இலக்கியத் தாக்கம் அல்ல, வெறும் ஊக்கம்தான் என்றும், நெடுங்காலம் தனக்கிருந்த ஒரே வாசகர் அவர்தான் என்றும் டோல்கீன் பின்னாளில் கடிதமொன்றில் எழுதினார். இருவருமே பல்கலைக்கழக ஆசிரியர்கள், இருவருக்கும் மொழியிலும் கதையிலும் கரைகண்ட அறிவு. இருந்தும் லூயிஸ் டோல்கீனுக்குச் செய்த பேருதவி, அடுத்த பகுதி எங்கே என்று விடாமல் கேட்டது. எழுதியதை உரக்க வாசித்துக் காட்டும் அவர்களது நண்பர் வட்டத்தில் அந்தக் கதையைச் சகிக்க முடியாத ஹியூகோ டைசனும் இருந்தார். ஒரு கட்டத்தில் அவர் அறைக்குள் வந்தாலே வாசிப்பை நிறுத்த வேண்டிய நிலை வந்தது. உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். நாவல் முடியும் வரை அவரிடம் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது பற்றியும் பலர் கேட்பார்கள். ஒரே மாதத்தில் 50,000 சொற்கள் எழுதும் சவால் 1999-இல் தொடங்கி, பிறகு நவம்பர் மாத வழக்கமாகி உலகம் முழுவதும் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டாலும் அந்த வழக்கம் சிறு குழுக்களில் தொடர்கிறது. கணக்கிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 1,667 சொற்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது நல்ல உந்துதல். கட்டமைப்பில் முடிச்சு விழுந்து நின்ற நாவலுக்கு அது ஆகாது, ஏனெனில் தவறான திசையில் இன்னும் வேகமாகப் போவீர்கள். முடிச்சு அவிழ்ந்த பிறகு வேண்டுமானால் செய்யுங்கள். ஒரு மணி நேரம் பேசாமல் ஒன்றாக எழுதிவிட்டு, அவரவர் அடுத்து எழுதப்போகும் ஒரே வரியை மட்டும் சொல்லிவிட்டுக் கலைவோம் நாங்கள். அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயின் பழக்கம். அந்த ஒரு வரியைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எங்களை அதற்குப் பழக்கியது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. எழுதாத பகுதியை நண்பர்களிடம் வாயால் சொல்லித் தீர்த்துவிடாதீர்கள். சுவையாகச் சொல்லி, அவர்களும் ரசித்துச் சிரித்துவிட்டால் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு அங்கேயே தணிந்துவிடும். பிறகு எழுத உட்கார்ந்தால் பழைய செய்தியைப் படியெடுப்பது போல இருக்கும். எழுதியதைக் காட்டுங்கள், எழுதப்போவதைப் பொத்தி வையுங்கள்.

ஆட்களை எப்படிப் பிடிப்பது என்றால், மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். உங்களைவிடப் பெரிய பெயர் இருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லப்போனால் அவர்களும் நடுவில் தவித்துக்கொண்டிருப்பவர்களாக இருந்தால் மேல். அவர்கள் பிரதியை நீங்களும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும். இதைக் கடமையாக நினைத்துச் செய்பவர்கள் பாதிப் பலனை இழக்கிறார்கள். சிறுகதை எழுதும் தோழியின் குறுநாவலில் எல்லா அத்தியாயங்களும் யாரோ தூங்கப்போவதில் முடிந்ததை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். என் ஜன்னல் எனக்குத் தெரியவில்லை, அவருடைய தூக்கம் அவருக்குத் தெரியவில்லை.

இந்த நாவலைக் கைவிட்டுவிடலாமா என்ற எண்ணமும் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். அதற்கும் நண்பர்களிடமே ஒரு சோதனை உண்டு. அவர்கள் படித்துச் சில மாதங்கள் போன பிறகு, பிரதியைக் கையில் கொடுக்காமல், அதில் யார் நினைவிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒருவராவது ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, கடைசியில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேட்டால் அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள், முன்னால் இருப்பதில் பாதியை வெட்ட வேண்டி வந்தாலும் சரி. எவருக்கும் எதுவும் நினைவில் இல்லையென்றால் கூச்சப்படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். அதிலிருந்து ஒரு நல்ல சிறுகதையாவது தேறும், அதையும் அந்த நண்பர்களே காட்டித் தருவார்கள்.