அரையிறுதிக்குப் பிறகு கென்யா

அன்புள்ள ஐயா,

கென்ய கிரிக்கெட் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். ‘வென்றுகொண்டிருந்த ஓர் அணிக்கு ஆட்டம் கொடுக்காமலே அதை அழித்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2003 உலகக் கோப்பையில் நியூசிலாந்து நைரோபிக்கு வர மறுத்ததால் கென்யாவுக்கு இலவசமாகப் புள்ளிகள் கிடைத்தன. அவை இல்லாவிட்டால் அது அரையிறுதிக்கு வந்திருக்குமா? அதன் பிறகு சூதாட்டத் தொடர்பு, சம்பளச் சண்டை, வாரிய ஊழல் புகார்கள் என்று தங்களைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள். போர் நடந்த நாடான ஆப்கானிஸ்தான் டெஸ்ட் வரைக்கும் வந்துவிட்டதே, கென்யாவுக்கு என்ன குறை? 2011-இல் சேப்பாக்கத்தில் அவர்கள் 69 ரன்னுக்குச் சுருண்டதை நேரில் பார்த்தவன் நான். உலகக் கோப்பையில் ஆட வேண்டிய அணியாகவே அது தெரியவில்லை. அவர்கள் இனி மீள்வார்கள் என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா?

ஆர்.,
செங்கல்பட்டு

அன்புள்ள ஆர்.,

புள்ளிக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. முதல் சுற்றின் முடிவில் கென்யாவுக்கு 16 புள்ளிகள். அவற்றில் 4 நியூசிலாந்து வராததால் கிடைத்தவை. அந்த ஆட்டம் நடந்து கென்யா தோற்றிருந்தால் 12 புள்ளிகளோடு நின்றிருக்கும். 14 புள்ளிகள் வைத்திருந்த மேற்கிந்தியத் தீவுகளும் தென்னாப்பிரிக்காவும் அதைத் தாண்டியிருக்கும். இதை மறுக்க வழியில்லை.

ஆனால் அந்தப் பிரிவில் யாருடைய கணக்குதான் நேராக முடிந்தது? பெனோனியில் வங்கதேசத்தோடு ஆடவேண்டிய மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்டத்தை மழை கொண்டுபோயிற்று. டர்பனில் தென்னாப்பிரிக்கா, மழை குறுக்கிட்டால் இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் அட்டவணையைத் தவறாகப் படித்து, இலங்கையோடு சமன் செய்து, சொந்த மண்ணிலேயே வெளியேறியது. மற்றவர்கள் கோட்டை விட்ட இடத்தில் கென்யா கோட்டை விடவில்லை. கனடாவையும் வங்கதேசத்தையும் அது வென்றே ஆகவேண்டியிருந்தது, வென்றது.

2003 பிப்ரவரி 24 அன்று நைரோபி ஜிம்கானா மைதானத்தில் நடந்ததை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதவே முடியாது. முதலில் ஆடிய கென்யா 9 விக்கெட்டுக்கு 210. கென்னடி ஒட்டியெனோ 60 ரன் எடுத்தார், முரளிதரன் 4 விக்கெட் எடுத்தார். சுழற்பந்தைக் கரைத்துக் குடித்த இலங்கைக்கு 211 பெரிய இலக்கே இல்லை. ஒட்டியெனோவின் தம்பி காலின்ஸ் ஒபூயா, 21 வயது லெக் ஸ்பின்னர், 10 ஓவரில் 24 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். அரவிந்த டி சில்வா, ஜெயவர்தனே, சங்கக்காரா மூவரும் அந்த ஐந்தில் அடக்கம். இலங்கை 157-இல் முடிந்தது.

அடுத்த சுற்றான சூப்பர் சிக்ஸில் இந்தியாவோடு கேப்டவுனில் ஆடிய ஆட்டத்தை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 226 ரன்னைத் துரத்திய இந்தியா 24 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்து நின்றது. போனவர்களில் சேவாக்கும் டெண்டுல்கரும் உண்டு. கங்குலியின் சதமும் யுவராஜின் அரைச் சதமும்தான் காப்பாற்றின. அடுத்து புளூம்ஃபொன்டைனில் ஜிம்பாப்வேயை 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். ஆக ஒரே உலகக் கோப்பையில் டெஸ்ட் ஆடும் மூன்று நாடுகளைக் களத்தில் இறங்கியே வென்றிருக்கிறார்கள்.

ஆசிஃப் கரீமைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1999 உலகக் கோப்பையில் கென்யாவின் கேப்டன். அத்தோடு ஓய்வு பெற்றுத் தன் காப்பீட்டுத் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் கென்யாவுக்காக ஆடியவர். 39 வயதில் அவரை மீண்டும் அழைத்தார்கள். டர்பனில், எதிரே அந்தத் தொடரில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஆஸ்திரேலியா. கென்யா எடுத்ததோ 174. அடிக்கிற அடியில் ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிடும் என்றிருந்த நேரத்தில் கரீம் தன் இடக்கைச் சுழலோடு வந்தார். 8.2 ஓவர், அதில் ரன்னே கொடுக்காத மெய்டன் ஓவர்கள் 6, 7 ரன், 3 விக்கெட். பாண்டிங், லேமன், ஹாக் மூவரையும் வெளியேற்றினார். ஆஸ்திரேலியா 5 விக்கெட்டை இழந்துதான் வென்றது, ஆட்டநாயகன் விருது தோற்ற அணியின் கரீமுக்குப் போயிற்று. பந்தைத் திருப்பினார் என்றுகூடச் சொல்ல முடியாது. வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போதும் அந்தப் பந்துவீச்சைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

இந்த அணி 2003-இல் திடீரென்று முளைத்ததும் இல்லை. 1975-இல் முதல் உலகக் கோப்பைக்குக் கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா ஆட்டக்காரர்களைச் சேர்த்து ‘கிழக்கு ஆப்பிரிக்கா’ என்ற பெயரில் ஓர் அணி போயிற்று. மூன்று ஆட்டத்திலும் தோற்றது. உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் வெற்றியே லீட்ஸில் அந்த அணியை வென்றதுதான். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் அங்கே குடியேறிய குஜராத்தி, பஞ்சாபிக் குடும்பங்களின் பிள்ளைகள். நைரோபியின் கிரிக்கெட் கிளப்புகளும் அவர்கள் வளர்த்தவையே. பின்னால் அந்தக் கிளப்புகளின் வழியாகத்தான் ஆப்பிரிக்க இளைஞர்கள் மேலே வந்தார்கள். 2003 அணியின் கேப்டன் ஸ்டீவ் டிகோலோவே சுவாமிபாபா கிளப்பில் ஆடியவர். அண்ணன் தம்பிகளாக வந்தார்கள்: டிகோலோக்கள், ஒடும்பேக்கள், சூஜிக்கள், ஒபூயாக்கள். ஒரே நகரம், விரல்விட்டு எண்ணக்கூடிய கிளப்புகள், ஐந்தாறு குடும்பங்கள். அந்த அணியின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான்.

1996 பிப்ரவரி 29 அன்று புனேயில் இவர்கள் 166 ரன் எடுத்துவிட்டு, லாராவும் ரிச்சர்ட்சனும் ஆடிய மேற்கிந்தியத் தீவுகளை 93 ரன்னுக்குச் சுருட்டினார்கள். மோரிஸ் ஒடும்பே 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகனானார். அந்த அணியில் தாமஸ் ஒடோயோவுக்கு 17 வயது. ஒரு வாரத்திலேயே கண்டியில் இலங்கை இவர்களுக்கு எதிராக 398 ரன் குவித்து உலகச் சாதனை படைத்தது. அந்த அடிக்கு நடுவிலும் டிகோலோ 96 எடுத்தார். 1998-இல் குவாலியரிலும் 2001-இல் போர்ட் எலிசபெத்திலும் இந்தியாவை வென்றார்கள். ஏழாண்டுகளாக ஒரே தலைமுறை படிப்படியாகத் தேறி வந்து, 2003-இல் உச்சத்தைத் தொட்டது.

உச்சத்தில் இருந்த அந்த அணிக்கு அதன் பிறகு என்ன கிடைத்தது? 2003 ஏப்ரலில் ஷார்ஜாவில் ஒரு தொடர். 2004 செப்டம்பரில் சாம்பியன்ஸ் டிராபியில் இரண்டு ஆட்டங்கள். அடுத்த சர்வதேச ஒரு நாள் ஆட்டம் 2006 பிப்ரவரியில், ஜிம்பாப்வேயுடன். இடையில் 2005 முழுக்க ஓர் ஆட்டம்கூட இல்லை. உலகக் கோப்பையின் அரையிறுதி வரை வந்த அணிக்கு இந்த நிலை. டிகோலோவுக்கு அந்த ஆண்டுகளில் 31 முதல் 34 வயது. ஒரு மட்டையாளரின் சிறந்த வயது. 2004-இல் நைரோபியில் ஒரு முத்தரப்புத் தொடர் நடந்தது. இந்தியா ஏ அணிக்காக அதில் சதங்கள் அடித்துத்தான் தோனி தேர்வாளர்களின் கவனத்துக்கு வந்தார். நம் இளைஞர் ஒருவருக்கு நைரோபி வாசலைத் திறந்துவிட்டது. நைரோபிக்காரர்களுக்கு வாசல் திறக்கவில்லை.

இங்கே வங்கதேசத்தை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு நாள் ஆட்டத்தில் அவர்களின் முதல் வெற்றி 1998-இல் ஹைதராபாத்தில், கென்யாவுக்கு எதிராகவே வந்தது. அதற்கு முன்பு வரை கென்யாவிடம் தோற்றுக்கொண்டிருந்தார்கள். 2000-இல் அவர்களுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. 1999 உலகக் கோப்பையில் பாகிஸ்தானை வென்றதற்குப் பின், 2004 மார்ச் வரை ஒரு நாள் ஆட்டம் ஒன்றைக்கூட அவர்கள் வெல்லவில்லை. இருந்தும் ஆட்டங்கள் தொடர்ந்து கிடைத்தன. பெரிய அணிகள் டாக்காவுக்குப் போய்க்கொண்டே இருந்தன. தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்ள நேரம் கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள். அது நல்ல முடிவு என்றே இன்றும் சொல்வேன். கோடிக்கணக்கான ரசிகர்களும் டாக்கா லீக் போன்ற உள்நாட்டுப் போட்டியும் உள்ள நாடு அது. கென்யாவில் அந்தக் கூட்டமும் இல்லை, அதைக் காட்டித் தொலைக்காட்சி உரிமை விற்கவும் வழியில்லை. டெஸ்ட் அந்தஸ்து தராததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆண்டுக்குப் பத்து ஒரு நாள் ஆட்டங்களைக்கூடத் தராததற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஆப்கானிஸ்தானைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களின் எழுச்சியை நானும் வியந்து பார்ப்பவன். 2008-இல் ஜெர்சி தீவில் உலக கிரிக்கெட் லீகின் ஐந்தாம் பிரிவில் ஆடியவர்கள் 2009-இல் ஒரு நாள் அந்தஸ்தையும் 2017-இல் டெஸ்ட் அந்தஸ்தையும் பெற்றார்கள். ஆனால் அவர்கள் ஏறிய காலத்தில் சிறிய நாடுகளுக்கென்று ஒழுங்கான தகுதிச் சுற்றுகள் இருந்தன, சொந்த மண்ணில் ஆட முடியாதவர்களுக்கு ஷார்ஜாவும் நொய்டாவும் வீடாக இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக இருபது ஓவர் லீக்குகள் வந்துவிட்டன. ரஷீத் கான் 18 வயதில் ஐபிஎல்லுக்கு வந்தார். ஒபூயாவுக்கு 21 வயதில் கிடைத்தது வார்விக்‌ஷையர் அணியில் ஒரே ஒரு பருவம். அவர் உலகக் கோப்பை ஆடியபோது ஐபிஎல் பிறக்க இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன.

இனி உங்கள் கடிதத்தின் கனமான பகுதி. ஒடும்பேவுக்குச் சூதாட்டத் தரகர்களோடு தொடர்பு வைத்ததற்காக 2004 ஆகஸ்டில் ஐந்தாண்டுத் தடை விதித்தார்கள். அதே ஆண்டு சம்பளத்துக்காக மூத்த ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பணத்தைப் பற்றிய புகார்கள் முற்றி, 2005-இல் பழைய சங்கம் போய் ‘கிரிக்கெட் கென்யா’ என்ற புதிய அமைப்பு வந்தது. இவற்றில் எதையும் நான் பூசி மெழுக விரும்பவில்லை. வாரியத்தின் மீது எனக்கு உங்களைவிட அதிகமாகவே கோபம் உண்டு. உலகக் கோப்பையால் வந்த பெயரையும் பணத்தையும் வைத்து நைரோபிக்கு வெளியே பள்ளிகளில் கிரிக்கெட்டை ஊன்றியிருக்கலாம். பல நாள் ஆட்டத்துக்கு உள்ளூரில் ஒரு போட்டியை நிலைநிறுத்தியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. ஆனால் வேலைநிறுத்தத்தை ஒடும்பேவின் குற்றத்தோடு ஒரே மூச்சில் சேர்ப்பதை ஏற்க மாட்டேன். உழைத்த கூலியைக் கேட்பது கெட்டுப்போவது ஆகாது.

ஆட்டங்களும் கிடைக்காமல், வாரியமும் அடித்தளம் போடாமல் விட்டதால்தான் சேப்பாக்கத்தில் நீங்கள் பார்த்த அணி அப்படி இருந்தது. 2011 பிப்ரவரி 20. 69 ரன்னை நியூசிலாந்து 8 ஓவரில் விக்கெட் இழப்பின்றி எடுத்தது. அன்று களத்தில் டிகோலோவுக்கு 39 வயது. அவருக்கு அடுத்து வந்திருக்க வேண்டிய தலைமுறை, ஆட்டமே இல்லாத ஆண்டுகளில் காணாமல் போயிருந்தது. அந்தத் தொடரில் அவர்கள் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை என்பது உண்மை. ஆனால் சேப்பாக்கத்தில் பார்த்ததோடு மூன்று வாரம் கழித்துப் பெங்களூரில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் 324 ரன்னைத் துரத்தி 6 விக்கெட்டுக்கு 264 எடுத்தார்கள். ஆட்டமிழக்காமல் 98 ரன் எடுத்தவர் அதே காலின்ஸ் ஒபூயா. லெக் ஸ்பின் கைவிட்டுப் போன பிறகு தன்னை மட்டையாளராக மாற்றிக்கொண்டவர். அவரா ஆடத் தகுதியில்லாதவர்?

2014-இல் ஒரு நாள் அந்தஸ்தும் போயிற்று. அதற்குச் சில மாதம் முன்பு, இருபது ஓவர் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஆட, ஓய்வு பெற்றிருந்த டிகோலோவை 42 வயதில் திரும்ப அழைத்திருந்தார்கள்.

மீள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்புகிறேன், ஆனால் அருகில் இல்லை. 2024 இருபது ஓவர் உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தகுதி பெற்றவை நமீபியாவும் உகாண்டாவும், கென்யா பின்தங்கியது. அந்த உகாண்டா அணிக்குச் சில ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர் டிகோலோ. கிழக்கு ஆப்பிரிக்காவில் கிரிக்கெட் சாகவில்லை என்பதற்கும், கென்யா தன் ஆட்களின் அறிவைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தவறியது என்பதற்கும் இது ஒன்றே சான்று. நைரோபிக்கு வெளியே பத்துப் பள்ளிகளில் ஒழுங்காக லீக் நடக்கிறது என்று செய்தி வந்தால், உங்களுக்கு முதலில் எழுதிச் சொல்கிறேன்.

அன்புடன்.