இளைத்தவளுக்கு எள்ளு

அன்புள்ள அக்கா,

கன்னங்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். வயது 38, உயரம் 156 செ.மீ. போன வருடம் ஆடியில் 91 கிலோ இருந்தேன். இப்போது 67. பதினோரு மாதத்தில் 24 கிலோ. ஜிம்முக்கெல்லாம் போகவில்லை. காலையில் மூக்கனேரிக் கரையில் ஒரு மணி நேரம் நடை, சாயங்காலம் மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம். சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம், தட்டுவடை செட் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்பது வாரமாக 67-லேயே நிற்கிறேன். அதனால் சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறும் ரசமும், இரவு ஒரு கொய்யாவும் மோரும். அப்படியும் இறங்கவில்லை. உங்களிடம் மறைக்கக் கூடாது. வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ, எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் நின்றபடியே கைக்குக் கிடைத்ததைத் தின்றுவிடுகிறேன். மறுநாள் முழுப் பட்டினி, அழுகை. முடி கொட்டுகிறது. வயிற்றுத் தோல் தொங்குகிறது, கையைத் தூக்கினால் சதை ஆடுகிறது. "சுகர் வந்துடுச்சா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். 55 கிலோவுக்கு வந்தால்தான் உடம்பு ஒரு உருவத்துக்கு வரும் என்று நினைக்கிறேன். எங்கே தப்புச் செய்கிறேன்? என் நாத்தனார் எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாள், நானும் போடலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தில் 24 கிலோவை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். நான் தாண்ட மாட்டேன். ஒரு மாதத்து ரேஷன் அரிசி 20 கிலோவைக் கடையிலிருந்து வீட்டுக்குச் சுமந்து வந்திருப்பீர்கள், கை எப்படிக் கடுத்தது என்று நினைத்துப் பாருங்கள். அதைவிடக் கூடுதலான சுமையை உடம்பிலிருந்து இறக்கியிருக்கிறீர்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை நடக்கவிட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. உங்கள் கணக்கில் அடிக்கு நூறு கிலோ பக்கம் வருகிறது. இன்னொன்றும் சொல்ல ஆசை. கரைந்த கொழுப்பு வியர்வையாகத்தான் போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர் என்று 2014-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உங்கள் கொழுப்பில் பெரும்பகுதி மூக்கனேரிக் கரைக் காற்றோடு கலந்துவிட்டது. இது சின்ன காரியம் இல்லை.

சரி, எங்கே தப்பு என்று கேட்டீர்கள். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்க வேண்டிய இடத்தில் நிற்கிறீர்கள். பழைய வேலையையே இன்னும் வேகமாகச் செய்யப் பார்க்கிறீர்கள். இதுவரை செய்தது குறைப்பது. நீங்கள் கேட்கும் 'உருவம்' குறைத்து வருவதில்லை, கட்டி எழுப்பி வருவது. அதற்குச் சாப்பாடு வேண்டும்.

முதலில் அந்த அடுப்படி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த வரிதான். அதை நீங்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்கு ஏறக்குறைய 1,600 கலோரி, அந்த இளைஞர்களின் உடம்புக்கு வேண்டியதில் பாதிதான். கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் கால் பங்கு போனது. அதோடு மனசும் போனது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படிப்பது, காரணமில்லாத கோபம், குளிர். கட்டுப்பாட்டை மீறி ஒளித்துத் தின்று பிறகு குமைந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். சோதனை முடிந்த பிறகு எவ்வளவு சாப்பிட்டும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. நீங்கள் எழுதிய சாப்பாடு அவர்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட வராது. நள்ளிரவில் உங்களை எழுப்பி அடுப்படிக்கு அனுப்புவது பசி. உயிரைக் காக்க உடம்பு செய்யும் வேலை அது. பகலில் கொடுக்காததை இரவில் அதுவே எடுத்துக்கொள்கிறது.

முள் நகராததற்கும் பாதிக் காரணம் இங்கேயே இருக்கிறது. ஐந்து நாள் பட்டினியில் மிச்சப்பட்டதை இரண்டு இரவு நிரப்பிவிடுகிறது. மீதிக் காரணம் கணக்கு. 91 கிலோ உடம்பு சும்மா படுத்துக் கிடந்தாலே நாளுக்கு 1,500 கலோரிக்குமேல் செலவழிக்கும். 67 கிலோ உடம்புக்கு 1,300 பக்கம் போதும். அதே ஒரு மணி நேர நடைக்கும் இப்போது செலவு குறைவு, ஏனென்றால் தூக்கிக்கொண்டு நடக்கும் பாரம் குறைவு. பட்டினி நீண்டால் உடம்பு இன்னும் சிக்கனமாகிறது. நமக்கே தெரியாமல் அதிகம் உட்காருகிறோம், மாடிப்படி ஏறத் தயங்குகிறோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 41 வயதில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். 800 கலோரிக்கு ஒரு தாள் கொடுத்தார்கள், அதை அப்படியே நம்பினேன். ஐந்து மாதத்தில் 19 கிலோ இறங்கியது. ஆறாவது மாதம் ஒரு நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை ஏறியது. பித்தப்பையில் கற்கள். வேகமாக எடை குறைத்தால் பித்தப்பையில் கல் உண்டாவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எனக்கு அந்தத் தாளைக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஒன்றரை வருடத்தில் 12 கிலோ திரும்பி வந்தது. இன்றுவரை எனக்கு ஆற்றாமையாக இருப்பது எடை திரும்பியதற்காக இல்லை. அந்த ஐந்து மாதம் பசித்த பசி வீணாகப் போனதே என்றுதான்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியில் நம் எல்லோருக்கும் கொள்ளு மட்டும் நினைவில் நிற்கிறது. நீங்கள் இப்போது முதல் பாதிக்கு வந்துவிட்டீர்கள். எள்ளுப்பொடி ஒரு ஸ்பூன் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள், நல்லெண்ணெயோடு.

எட்டு வாரத்துக்கு எடை குறைக்கும் வேலையை நிறுத்தி வையுங்கள். நாளுக்கு 1,600, 1,700 கலோரி சாப்பிடுங்கள். ஒரேயடியாக ஏற்ற வேண்டாம், வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதில் புரதம் 70 கிராம் இருக்கட்டும். இப்போது நீங்கள் சாப்பிடுவதில் 15 கிராம்கூடத் தேறாது. இட்லி ஒன்றில் இரண்டு கிராம்தான். முடி கொட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காலையில் இட்லியோடு இரண்டு முட்டை, 12 கிராம். மதியம் கெட்டிப் பருப்போ கொள்ளோ ஒரு கிண்ணம், தயிர் ஒரு கிண்ணம். நாலு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் மேட்டூர் ஜிலேபி மீன் கிடைத்தால் நூறு கிராம் குழம்பாக, கிடைக்காத நாளில் பனீரோ மீல்மேக்கரோ. சோற்றைக் கைவிட வேண்டாம், ஒரு கிண்ணம் போட்டுக்கொள்ளுங்கள். அரிசிக்குப் பதில் சாமையோ ராகியோ சாப்பிட்டால் தானாக இளைக்கும் என்பதை நம்ப வேண்டாம். அவற்றில் நார்ச்சத்தும் தாதுக்களும் கூடுதல், அதனால் நல்லவை. ஆனால் கலோரியில் அரிசிக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நம் ஊர் ஜவ்வரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், விரத நாளில் 'லேசான சாப்பாடு' என்று அதைத்தான் கிளறுகிறோம். அது மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்து, அவ்வளவுதான். நூறு கிராமில் 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூட இல்லை.

இதைத் தொடங்கும் முன் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகம் நான்குக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால் புரத அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வயிறாரச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் அந்த இரவுகள் நிற்காவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது, தனியாகப் போராட வேண்டாம்.

இனி உருவம். என் அம்மாயி ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர். பறித்ததைச் சாக்கில் கட்டி, சரிவில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தராசில் போடுவார்கள். அந்த எடைக்குத்தான் கூலி. அம்மாயியின் உடம்பு கிலோவில் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை, அவருக்கும் தெரியாது. அறுபது வயதிலும் அவர் தோளும் தொடையும் முறுக்கிய கயிறு மாதிரி இருந்தன. பட்டினியால் வந்த ஒல்லி வேறு, சுமை தூக்கி வந்த கட்டு வேறு என்று அவரை நினைத்துத்தான் எனக்குப் புரிந்தது. அவருடைய கஷ்ட ஜீவனத்தை நான் அழகாக்கிச் சொல்லவில்லை. கூலி குறைவு, அட்டைக்கடி, பனி. ஆனால் அந்த வலு வந்த வழி நமக்கும் திறந்திருக்கிறது.

நடை மட்டும் போதாது. இழந்த 24 கிலோவில் நாலில் ஒரு பங்குவரை தசையாகவும் இருந்திருக்கலாம். தூக்கினால்தான் அது திரும்பும். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், முக்கால் மணி நேரம். சாயங்கால மொட்டை மாடி நடையை இதற்கு விட்டுக்கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பித்து, அது சுலபமான பிறகு தோப்புக்கரணம். சுவரில் கைவைத்துத் தண்டால், பிறகு திண்ணை விளிம்பில், பிறகு தரையில். அப்புறம் குடம். பிளாஸ்டிக் குடத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, கால்களுக்கு நடுவே வையுங்கள். முதுகை வளைக்காமல், இடுப்பை மடக்கி, கால் பலத்தில் தூக்கி நிமிருங்கள். எட்டு தடவை, மூன்று சுற்று. பத்து தடவை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டு சொம்பு கூடுதல். இந்தக் கூட்டல்தான் மொத்த ரகசியமும். ஒரே எடையை வருடம் முழுக்கத் தூக்கினால் உடம்பு மாற வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் கொடுத்து வைத்தவர், ஏற்காடு அடிவாரம் உங்களுக்குப் பக்கம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், மேலே ஏற்காடு 1,500, நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. வாரத்தில் ஒருநாள் சமதள நடைக்குப் பதிலாக மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறி இறங்குங்கள். வண்டி குறைவான வார நாளில், நன்றாக விடிந்த பிறகு, துணையோடு. இறங்கும்போதுதான் தொடைத்தசைக்குக் கடினமான வேலை. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, மறுநாள் வலிப்பது அதனால்தான். முதல் தடவை குறைவாகப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் இரண்டு வாரம் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். சோறு சாப்பிட்டால் உடம்பில் சேரும் கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, புதிதாக உழைக்கும் தசையும் தண்ணீரைப் பிடிக்கிறது. அது கொழுப்பு இல்லை. பயந்து மறுபடி பட்டினிக்குப் போய்விடாதீர்கள். எடைபார்க்கும் மெஷினைப் பரணில் வையுங்கள். டெய்லரிடம் கொடுக்கும் அளவு ஜாக்கெட் ஒன்று வைத்திருப்பீர்களே, மாதம் ஒருமுறை அதைப் போட்டுப் பாருங்கள். இடுப்பை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

55 என்ற எண் எங்கிருந்து வந்தது? உங்கள் உயரத்துக்கு 56 கிலோவிலேயே உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கு) 23 வந்துவிடும், நம்மைப் போன்ற ஆசியர்களுக்குச் சரியான எடையின் மேல் எல்லை அதுதான். 60-இல் தசையோடு நிற்பது 55-இல் தசையில்லாமல் நிற்பதைவிட உங்களுக்கு நல்லது என்பது என் முடிவு. அதை எட்டு வாரத்துக்குப் பிறகு, நிதானமாக, மாதம் ஒரு கிலோ கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

வயிற்றுத் தோலுக்கு வயிற்றுப் பயிற்சி மருந்தில்லை. எந்த இடத்துப் பயிற்சியும் அந்த இடத்துக் கொழுப்பைத் தனியாகக் கரைக்காது. தோல் ஓரளவு சுருங்க ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், கையிலும் தொடையிலும் தசை வளர்ந்தால் அங்கே கொஞ்சம் நிரம்பும். மிச்சம் தொங்கத்தான் செய்யும். எனக்கும் இருக்கிறது.

ஊசி வேண்டுமா என்பதை நாத்தனாரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல மருந்து, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது பசியைக் குறைக்கிற மருந்து. இப்போது உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்பவும் செய்கிறது.

"சுகரா?" என்று கேட்பவர்களிடம் "இல்லை, நடக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். தட்டுவடை செட் மாதத்தில் இரண்டு நாள் சாப்பிடலாம், சாயங்கால வெளிச்சத்தில், கடை பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு.

எட்டு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். எடை எவ்வளவு என்று எழுத வேண்டாம். குடத்தில் எத்தனை சொம்பு ஏறியிருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
அஸ்தம்பட்டி, சேலம்