நகையை வைத்து ஜிர்கோனியம் மூட்டு வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. ஒரு முழங்காலுக்கு மூட்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனை பேக்கேஜில் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 2.10 லட்சம், ஆக்சைடு ஜிர்கோனியத்துக்கு 3.40 லட்சம். 'இது 30 வருஷம் உழைக்கும்' என்கிறார்கள். காப்பீடு இல்லை. கையில் 2.25 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்து ஜிர்கோனியமே போட்டுவிடலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தபோது கோபால்ட் குரோமியத்துக்கு 54,720 ரூபாய், ஜிர்கோனியம், டைட்டானியம் வகைகளுக்கு 76,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வித்தியாசம் சுமார் 22,000 ரூபாய்தான். பிறகு விலைகளைத் திருத்தியிருக்கிறார்கள், இன்றைய விலையை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். உங்களிடம் கேட்கும் கூடுதல் தொகையோ 1.30 லட்சம். மீதி எதற்கு? அறை, அறுவை சிகிச்சை, மருத்துவர் கட்டணங்களுக்கு அந்த உச்ச விலை பொருந்தாது. உலோகம் மாறினால் அறை வாடகை ஏன் ஏற வேண்டும் என்று பில்லிங்கில் கேளுங்கள். மூட்டின் விலை, பிராண்டு, பேட்ச் எண் மூன்றையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது அந்த உத்தரவிலேயே இருக்கிறது.

அந்த 30 வருஷக் கணக்கு ஆய்வக இயந்திரத்தில் மூட்டை ஓட்டிப் பார்த்துச் சொன்னது, மனிதர்களிடம் பார்த்ததல்ல. மனிதர்களிடம் பார்த்த கணக்கும் உண்டு: 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, முழு முழங்கால் மூட்டு மாற்றங்களில் சுமார் 82% 25 ஆண்டுகள் தாங்கின. அம்மாவுக்கு அப்போது 92 வயது! சாதாரண மூட்டே போதும் என்பேன்.

ஒரே ஒரு விஷயம். கவரிங் நகை போட்டால் அம்மாவுக்குத் தோல் அரிக்குமா? அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கோபால்ட் குரோமியத்தில் சிறிதளவு நிக்கல் உண்டு. அப்படியானால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஜிர்கோனியத்துக்கு அது நியாயமான காரணம்.

1.30 லட்சத்துக்கு நகைக்கடன் 10% வட்டியில் கிடைத்தால்கூட வருஷத்துக்கு 13,000 ரூபாய் வட்டி. கையில் மிஞ்சும் 15,000 ரூபாயைப் பிசியோதெரபிக்கு ஒதுக்குங்கள். மடங்காத காலில் எந்த உலோகம் இருந்து என்ன?

அப்புறம், பணத்தை ரொக்கமாகக் கட்டாதீர்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால், காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு, வரிக்குரிய வருமானத்தில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு; ரொக்கமாகக் கட்டினால் அது கிடைக்காது.