குழந்தை அழும்போது இன்ஹேலர் கொடுத்தால் மருந்து நன்றாக உள்ளே போகுமா?

போகாது. எங்கள் வீட்டிலும் முதலில் இதைத்தான் நம்பினோம். மகனுக்கு ஒன்றரை வயதில் வீசிங் வந்து, மாஸ்க் வைத்த ஸ்பேசரோடு (இன்ஹேலருக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் மாட்டும் குழாய்) இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். மாஸ்க்கைப் பார்த்தாலே வீறிட்டு அழுவான். "அழட்டும் விடும்மா, அழுதாத்தான் நல்லா இழுப்பான்" என்பார் அத்தை. நானும் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். இரண்டு வாரமாகியும் ராத்திரி இருமல் அப்படியே இருந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டர் என்னையே கொடுத்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் தொண்டையோடு நின்றுவிடுகிறதும்மா" என்றார்.

அழும் குழந்தை நீளமாக மூச்சை வெளியே விடுகிறது, நடுவில் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கிறது. அந்த வேகம்தான் பிரச்சினை. வேகமாக வரும் மருந்துத் துகளால் தொண்டை வளைவில் திரும்ப முடியாது. காற்று திரும்பிவிடும், துகள் நேரே போய்த் தொண்டைச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒட்டியதைக் குழந்தை விழுங்கிவிடும், அது வயிற்றுக்குப் போகும். ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரான் வரை உள்ள துகள்தான் நுரையீரலுக்கு உதவும். (நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.) 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள், பாதையும் குறுகல். அதனால் அமைதியாக மூச்சு விடும்போதுகூட மருந்தில் சிறு பங்குதான் நெஞ்சுக்குப் போய்ச் சேர்கிறது.

நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் உள்ள சோஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், ஒன்பது மாதக் குழந்தையின் ஸ்கேனை வைத்து மூக்கும் தொண்டையும் அச்சு அசலாக ஒரு மாதிரி செய்து, 2001இல் அதைப் பற்றி வெளியிட்டார்கள். எவ்வளவு மருந்து மூக்கிலும் தொண்டையிலும் சிக்குகிறது, எவ்வளவு அதைத் தாண்டுகிறது என்று குழந்தையைத் தொந்தரவு செய்யாமலே அதில் அளக்கலாம். சிறிய துகள்களே நன்றாகத் தாண்டிப் போகின்றன என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு இது பெரிய ஆறுதல். என் பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை, அந்த வயதுப் பாதையே அப்படித்தான்.

சரி, என்ன செய்தோம்? ஒரு வாரம் மாஸ்க்கை மருந்தில்லாமல் விளையாடக் கொடுத்தோம். கரடி பொம்மைக்கு வைத்தான், தாத்தாவுக்கு வைத்தான். அப்புறம் மடியில் உட்கார வைத்து, மூக்கும் வாயும் மூடும்படி இடைவெளி இல்லாமல் மாஸ்க்கைப் பொருத்தி, ஒரு பஃப் கொடுத்து ஐந்தாறு மூச்சு விடும்வரை வைத்திருப்பேன். மாஸ்க்கை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக் காட்டுவதில் பயனில்லை. தூங்கும்போது கொடுத்தும் பார்த்தேன், பாதி நாள் விழித்து அழுதான்.

பிளாஸ்டிக் ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்துக் காற்றில் உலர விடுங்கள். ஸ்டீராய்டு மருந்து என்றால் கொடுத்ததும் முகத்தைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டையில் தங்குவதால்தான் வாயில் வெள்ளைப்புண் வருகிறது.

ஒன்று மட்டும்: மூச்சுத் திணறி விலா உள்வாங்கினால், அழுகை நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டர் சொன்ன அவசர மருந்தை அழுதாலும் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.