மூன்று தலைமுறை, ஒரு கடற்கரை, ஒன்றரை லட்சம் ரூபாய்

கேள்வி: பெருந்துறைக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன் நான். வயது 44. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மாதம் 65,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். வரும் கோடை விடுமுறையில் பெற்றோர் (74, 69 வயது), என் குடும்பம் நால்வர், தோட்டம் பார்க்கும் தம்பி குடும்பம் மூவர், பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த தங்கை, அவளுடைய இரண்டு குழந்தைகள் என 12 பேர் கடற்கரைக்குப் போக நினைக்கிறோம். பிள்ளைகள் கேரளாவின் வர்க்கலா என்கிறார்கள், தம்பி ராமேஸ்வரம் என்கிறான், அம்மாவுக்குத் திருச்செந்தூர். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. மே முதல் வாரம், ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது என் கணக்கு. இந்த மாதம் தொடங்கிய 2 லட்சம் ரூபாய் ஏலச்சீட்டை (20 மாதம், மாதம் 10,000) ஏப்ரலில் எட்டாவது சீட்டாக எடுத்துச் செலவு செய்யலாமா? மஞ்சள் விற்ற பணத்தில் 50,000 தருவதாக அப்பா சொல்கிறார். எந்த ஊர், எந்தப் பணம்?

பதில்: ஊரை முதலில் முடிவு செய்வோம், ஊர் முடிவானால்தான் எவ்வளவு பணம் தேவை என்பது தெரியும். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் பயணத்தில் ஊரைத் தீர்மானிக்க வேண்டியது அறை வாடகையோ பிள்ளைகளின் ஆசையோ அல்ல, உங்கள் அம்மாவின் மூட்டு. அவர் நடக்க முடியாத இடத்தில் தினமும் ஒருவர் அவருடன் அறையிலேயே இருக்க வேண்டி வரும். அப்போது 12 பேருக்குப் பணம் கட்டி 10 பேர் கடல் பார்த்ததாக ஆகும்.

அந்தக் கணக்கில் வர்க்கலா முதலில் அடிபடுகிறது. அங்கே விடுதிகளும் கடைகளும் செங்குத்தான குன்றின் மேல் இருக்கின்றன, கடல் கீழே இருக்கிறது, இடையில் படிகள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடிக்கொண்டு ஈரக் கல்தளத்தில் நடப்பது மூட்டு வலிக்காரருக்கு ஆகாது. அம்மாவை விட்டுவிட்டுத் தீர்த்தமாடவும் உங்களுக்கு மனம் வராது.

என் பரிந்துரை, கன்னியாகுமரியில் மூன்று இரவு தங்கி, திரும்பும் நாளில் திருச்செந்தூர். கோயமுத்தூரிலிருந்து நாகர்கோவில் செல்லும் இரவு ரயில் ஈரோடு, கரூர், மதுரை வழியாகப் போவதால், இரவு ஈரோட்டில் ஏறிப் படுத்தால் விடியற்காலை நாகர்கோவில். கடைசி நாள் வேன் எடுத்துக் கடலோரச் சாலையில் உவரி, மணப்பாடு வழியாக ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போனால் திருச்செந்தூர். கோயிலுக்கு எதிரிலேயே கடல் என்பதால் அம்மாவுக்குச் சாமியும் பிள்ளைகளுக்கு அலையும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். அன்று இரவே திருநெல்வேலியில் ஊர் திரும்பும் ரயிலைப் பிடிக்கலாம்.

கன்னியாகுமரியில் ஒரு குறை உண்டு. முக்கடல் கூடுமிடத்தில் பாறைகள் அதிகம், பிள்ளைகள் இறங்கி விளையாடும் இடமல்ல. மணலுக்குச் சொத்தவிளை போன்ற கடற்கரைக்கு ஒரு மாலை வண்டியில் போக வேண்டும். அங்கும் காலை நனைப்பதோடு நிற்கட்டும்; காற்றே இல்லாத நாளில்கூடத் தொலைதூரக் கடலில் எழுந்து வந்து கரையை அடிக்கும் பேரலைகளைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். 2024 மே மாதம் இந்த மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படிப்பட்ட அலையில்தான். எச்சரிக்கை அறிவித்திருந்தால் அன்று கடல் பக்கமே போகாதீர்கள். விவேகானந்தர் பாறைக்குப் படகில் ஏறி இறங்குவதும் அம்மாவுக்குச் சிரமம்; அவரையும் அப்பாவையும் கரையில் நிழலில் உட்கார வைத்து, கூட்ட நாளாக இருந்தால் மற்றவர்களுக்குச் சிறப்புக் கட்டணச் சீட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பதைவிட அந்தக் கூடுதல் செலவு மேல்.

மே முதல் வாரத்தை ஏப்ரல் கடைசி வாரமாக மாற்றுங்கள். தேர்வுகள் முடிந்திருக்கும், கத்திரி வெயில் தொடங்கியிருக்காது. சித்திரா பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒரே மாலையில் பார்க்க அன்று கூட்டம் குவியும், அறை வாடகையும் ஏறும். இன்னொரு சிறு லாபம்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருந்தாலும், குளச்சல், முட்டம் பக்கம் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. நாட்டுக்கோழியே கதியென்று இருக்கும் நமக்கு, போன இடத்தில் நல்ல மீன் கிடைக்கும்.

ரயிலா, டெம்போ டிராவலரா என்று கேட்டால், பணத்தில் பெரிய வித்தியாசமில்லை. வண்டிக்காரர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுவதால், வண்டி நிற்கும் நாளுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். நாளுக்கு 300 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று வைத்தால் ஐந்து நாளுக்கு 37,500. ஓட்டுநர் படியும் சுங்கமும் சேர்ந்தால் 45,000 ஆகும். ரயிலுக்கும் அங்கே மூன்று நாள் வேனுக்கும் சேர்த்து 42,000 போதும். ஒரு பகல் முழுவதும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்த அம்மா, மறுநாள் கோயில் வாசல்வரை நடப்பாரா என்பதுதான் வித்தியாசம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். பெற்றோர் இருவருக்கும் தனிச் சீட்டாகப் பதிவு செய்யுங்கள். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு 60 வயது நிறைந்த ஆணுக்கும் 45 வயது நிறைந்த பெண்ணுக்கும் உண்டு என்றாலும், ஒரு சீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் போனால்தான் அது கிடைக்கும். எல்லோரையும் சேர்த்துப் போட்டால் அம்மாவுக்கு மேல்படுக்கை விழக்கூடும். மற்ற பத்துப் பேருக்கு, ஒரு சீட்டுக்கு ஆறு பேர் என்ற வரம்பினால் இரண்டு சீட்டு வேண்டும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தங்குவதற்கு நான்கு அறைகள், பெற்றோருக்குத் தரைத்தளம், மேற்கத்தியக் கழிப்பறை. நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பெரிய வீடு ஒன்றை முழுதாக 14,000-க்கு எடுத்தால் அது ஒரே அலகாகக் கருதப்பட்டு 18 சதவீத வரி விழலாம். அதே 14,000-க்கு நான்கு அறை எடுத்தால் 5 சதவீதம்தான்.

ரயிலுக்கு ஏசி மூன்றடுக்கில் தலைக்கு ஆயிரம் என்று தாராளமாக வைத்து இருவழிக்கும் 24,000. அறைகளுக்கு வரியோடு 44,100. உள்ளூர் வேன் 18,000. சாப்பாடு, தலைக்கு நாளுக்கு 600 வீதம் நான்கு நாளுக்கு 28,800. படகு, கோயில், சில்லறைச் செலவு 10,000. எல்லாம் சேர்ந்து 1,24,900. மருத்துவம் போன்ற எதிர்பாராத செலவுக்கு 15,000 ஒதுக்கினாலும் உங்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டாது.

ஏலச்சீட்டை எடுக்க வேண்டாம். எட்டாவது மாதம் 40,000 தள்ளி, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுத்து எடுத்தால் கைக்கு வருவது 1,60,000. சீட்டு நடத்துபவருக்கு 5 சதவீதக் கமிஷன் என்று வைத்தால், கடைசிச் சீட்டாக எடுப்பவருக்கு 1,90,000 கிடைக்கும். ஓராண்டு முன்னதாக வாங்குவதற்காக நீங்கள் விடுவது 30,000, அதாவது 18 சதவீதத்துக்கு மேல் வட்டிக்குக் கடன் வாங்கிச் சுற்றுலா போவதற்குச் சமம். தோட்டத்துக்கு மோட்டார் போடவோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ என்றால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

உங்களுக்குத் தீபாவளி போனஸ் இருக்கிறது. அதில் 40,000-ஐத் தனியாக வையுங்கள். ரயிலுக்கும் அறை முன்பணத்துக்கும் அது ஆகும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதம் 10,000 வங்கித் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டால் மொத்தம் ஒரு லட்சம் கையில் இருக்கும். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் இதற்குப் பயன்படாது. சம்பளச் சீட்டில் விடுமுறைப் பயணப்படி இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், பயணக் கட்டணத்துக்கு மட்டும் வரிவிலக்குக் கிடைக்கும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது.

மீதி 50,000 தம்பியின் பங்கு. சம்பளக்காரரும் வெள்ளாமைக்காரரும் சரிபாதி போடுவது நியாயமில்லை என்பதால் இரண்டுக்கு ஒன்று என்று வைத்தேன். கூடப்பிறந்தவளைக் கூப்பிட்டுவிட்டுப் பங்கு கேட்பது நம் பக்கத்து வழக்கமில்லை. அப்பாவின் 50,000-ஐ வாங்காதீர்கள். 74 வயதில் அது மருத்துவப் பணம், அவர் பெயரிலேயே வங்கியில் இருக்கட்டும். முழுதாக மறுத்தால் மனம் வருந்துவார், ஆகவே திருச்செந்தூரில் எல்லோருக்குமான ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை அவரையே கொடுக்கச் சொல்லுங்கள்.

தம்பியின் தோட்டத்தில் கறவை மாடு இருந்தால், நான்கு நாள் கறந்து பால் ஊற்ற ஆள் கூலியையும் அந்தச் சில்லறைச் செலவிலேயே எழுதிக்கொண்டு, ரயில் சீட்டுப் போடுவதற்கு முன்பே ஆளிடம் பேசி வையுங்கள்.