மண்புழுத் தொட்டியில் நாக்கு நீட்டும் 'புழு'

கேள்வி: பண்ருட்டி அருகே பலாத்தோப்பு நிழலில் மண்புழு உரத்தொட்டி வைத்திருக்கும் பெண் விவசாயி நான். சில நாட்களாக உரத்தைக் கிளறும்போது கறுப்பாக, அரைச் சாண் நீளத்தில் ஏதோ நெளிகிறது. புழு என்று எடுத்தால் நாக்கை நீட்டுகிறது! காதில் புகுந்துவிடும் என்று வேலைக்கு வரும் பெண்கள் தொட்டிப் பக்கமே வர மறுக்கிறார்கள். மருந்து தெளிக்கலாமா?

பதில்: மருந்தை மட்டும் தெளித்துவிடாதீர்கள் அம்மா. உங்கள் மண்புழு மொத்தமும் செத்துவிடும்.

நீங்கள் பார்த்தது புழுப்பாம்பு. குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். விஷம் கிடையாது. வாய் தலையின் அடிப்புறத்தில், மிகச் சிறியது. மனிதரைக் கடிக்க அதனால் இயலாது. பிடித்தால் வால் நுனியிலுள்ள சிறு முள்ளால் குத்திப் பார்க்கும், அவ்வளவுதான். காதில் புகும் என்பது வீண்பயம். வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றை வெள்ளைத் தட்டில் விட்டுக் காட்டுங்கள். மண்புழு வளையம் வளையமாக இருக்கும், நீண்டு சுருங்கி நகரும். இது சுருங்காது, வளைந்து வளைந்து ஓடும். ஈரம் துடைத்த பிறகும் செதில்கள் மின்னும். கண் இருக்க வேண்டிய இடத்தில், செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள்.

ஈரமண், சருகு, கல்லடி, மட்கும் குப்பை, இவைதான் இதன் வீடு. இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் துணையின்றியே முட்டையிட்டுப் பெருகும். பூந்தொட்டி மண்ணோடு ஒன்று போனாலே புது ஊரில் குடியேறிவிடும். ஹவாய், புளோரிடா வரை இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

உங்கள் தொட்டிக்கு ஏன் வந்தது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். அதன் இரை எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் இளம்புழுவும். ஆகவே தொட்டியிலோ அருகிலோ எறும்புக் கூடு இருக்கும். மண்புழுவுக்கு உண்மையான எதிரி அந்த எறும்புதான். பலாச்சக்கையைப் பச்சையாகவே போடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அந்த இனிப்புக்கு எறும்பு வராமல் இராது. சக்கையையும் தோலையும் சாணக் கரைசல் தெளித்து இரண்டு மூன்று வாரம் தனியே மட்கவைத்து, சூடு தணிந்தபின் போடுங்கள். தொட்டியைச் சுற்றி நான்கு விரல் அகலத்தில் வாய்க்கால் கட்டி நீர் நிறுத்துங்கள். கொசு சேராமல் வாரம் ஒருமுறை மாற்றுங்கள். படுக்கை காய்ந்தாலும் எறும்பு ஏறும். ஒரு பிடி உரத்தைப் பிழிந்தால் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது.

சலிக்கும்போது அகப்படும் பாம்புகளைத் தோப்புச் சருகில் விட்டுவிடுங்கள். அங்கே கறையானைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளைப் பட்டையோ, கழுத்திலிருந்து பிரிந்து தெரியும் தலையோ, தெளிவான கண்ணோ தெரிந்தால் அது புழுப்பாம்பு அல்ல, தொடாதீர்கள். கட்டுவிரியன் குட்டியும் சிறியதுதான். இருட்டியபின் வெறுங்கையால் தொட்டியைக் கிளறவே வேண்டாம்.